ஸ்டெப்ஃபோர்டில் முதலில் செத்தது பெண்கள் சங்கம்

(திரைப்பட உரையாடல் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பேய்ப்படம் என்றதும் நமக்குப் பாழடைந்த பங்களா, கொலுசுச் சத்தம், வெள்ளைப் புடவை எல்லாம் நினைவுக்கு வரும். இன்று நான் பேசப்போகும் படங்களில் இவை எதுவுமே கிடையாது. பட்டப்பகல். ஒரே அளவில் வெட்டப்பட்ட புல்வெளி. வரிசையாக அழகான வீடுகள். வாசலில் கார். உள்ளே இஸ்திரி போட்ட உடுப்போடு சிரித்துக்கொண்டே கேக் சுடும் மனைவி. இவ்வளவுதான் காட்சி. ஆனாலும் இவை பயமுறுத்தும் படங்கள் என்று பெயர் வாங்கியவை. அமெரிக்காவின் புறநகர்க் குடும்பத்தைப் பேய்வீடாகக் காட்டிய படங்கள்.

இந்த வகைக்கு அடையாளமாக இருக்கும் படம் 1975-இல் வந்த 'தி ஸ்டெப்ஃபோர்ட் வைவ்ஸ்'. ஐரா லெவின் 1972-இல் எழுதிய நாவலை வைத்து பிரையன் ஃபோர்ப்ஸ் இயக்கினார். இன்றும் ஆங்கிலத்தில் கணவனுக்கு அப்படியே அடங்கிப் போகும் பெண்ணை 'ஸ்டெப்ஃபோர்ட் மனைவி' என்று சொல்கிறார்கள். படம் பார்க்காதவர்கள்கூட அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு படத்தின் பெயர் வசைச்சொல்லாக மாறிவிட்டது. அதுவும் யார் மீது வசை? கொல்லப்பட்ட பெண்கள் மீது! கொன்ற ஆண்களைக் குறிக்க 'ஸ்டெப்ஃபோர்ட் கணவன்' என்று ஒரு சொல் பரவலாகவில்லை. இதிலிருந்தே நாம் பேச்சைத் தொடங்கலாம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜோவானா எபர்ஹார்ட் நியூயார்க் நகரத்தில் வாழும் பெண். இரண்டு குழந்தைகளுக்குத் தாய். புகைப்படக் கலைஞராக வேண்டும் என்பது அவருடைய கனவு. கணவர் வால்டர் வழக்கறிஞர். நகரத்தை விட்டு கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள ஸ்டெப்ஃபோர்ட் என்ற ஊருக்குக் குடிபோகிறார்கள். அங்கே பெண்கள் எல்லோரும் எந்நேரமும் வீட்டைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்கள். சமையல் குறிப்பைத் தவிர வேறு பேச்சு கிடையாது. ஆண்கள் மட்டும் மாலையானால் 'ஆண்கள் சங்கம்' என்ற பெரிய மாளிகைக்குப் போகிறார்கள். ஜோவானாவுக்கு பாபி என்ற ஒரு தோழி கிடைக்கிறார். இருவரும் இந்த ஊரில் ஏதோ சரியில்லை என்று தேடத் தொடங்குகிறார்கள். பக்கத்தில் மின்னணுத் தொழிற்சாலைகள் இருக்கின்றனவே, தண்ணீரில் ஏதாவது கலந்து பெண்களை இப்படி ஆக்குகிறதோ என்று சந்தேகப்பட்டுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்கிறார்கள். தண்ணீரில் ஒன்றும் இல்லை. பிரச்சினை சங்கத்தில் இருக்கிறது. ஆண்கள் கூடி உட்கார்ந்து ஒவ்வொருவருடைய மனைவியைப் போலவும் ஓர் எந்திரப் பொம்மையைச் செய்துவிட்டு, உண்மையான மனைவியைக் கொன்றுவிடுகிறார்கள். கடைசியில் ஜோவானாவும் தப்பவில்லை. படத்தின் இறுதிக் காட்சியில் அவர் சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு மிதப்பது போல நடந்து வருகிறார்.

இந்தக் கதையைக் கேட்டதும் 'அது அந்தக் கால அமெரிக்கா, நமக்கென்ன' என்று தோன்றலாம். இல்லை தோழர்களே. இந்தக் கதையில் மூன்று பேரை நாம் நன்றாகக் கவனிக்க வேண்டும். ஒருவர் அந்தக் கணவர். இன்னொருவர் படத்தில் ஓரமாக வந்து போகும் ஒரு கறுப்பினப் பெண். மூன்றாவது ஆள் அல்ல, ஓர் அமைப்பு. கதை தொடங்கும் முன்பே செத்துப்போன ஓர் அமைப்பு.

வால்டர் எப்படிப்பட்டவர்?

வால்டர் குடித்துவிட்டு வந்து அடிக்கிறவர் அல்ல. மனைவியின் ஆசைகளைக் கேலி செய்கிறவரும் அல்ல. நாவலின் தொடக்கத்தில் ஜோவானா, பெண் விடுதலையில் தனக்கு ஈடுபாடு உண்டு, தன் கணவருக்கும் உண்டு என்று பெருமையாகவே சொல்கிறார். பெண்களை அனுமதிக்காத அந்தச் சங்கம் பிற்போக்கானது என்று வால்டரே ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டுவிட்டு அதில் சேர்கிறார். ஏன் என்று கேட்டால், உள்ளே இருந்துகொண்டுதான் அதை மாற்ற முடியும் என்கிறார்.

'உள்ளே இருந்து மாற்றுகிறேன்' என்பது நமக்கு மிகவும் பழக்கமான வாதம். பேச்சில் முற்போக்கு, கூடிக் குலவுவது மட்டும் பழைய இடத்தில். லெவின் இந்த மனிதரை மிகச் சரியாகப் பிடித்திருக்கிறார். முதல் நாள் சங்கத்துக்குப் போய்விட்டு வந்த இரவில் வால்டர் கலங்கித்தான் போகிறார். அவருக்கு அங்கே நடப்பது தெரிந்துவிட்டது. அந்த இரவில் அவர் மனைவியிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். குழந்தைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்பியிருக்கலாம். சொல்லவில்லை. கிளம்பவும் இல்லை. அவர் கெட்டவராக மாறியது எந்திரம் செய்தபோது அல்ல. அந்த ஒரு மௌனத்தில்.

அதற்குப் பிறகு எல்லாமே மரியாதையாக நடக்கிறது. சங்கத்து நண்பர்கள் வீட்டுக்கு விருந்தாளிகளாக வருகிறார்கள். ஜோவானா காபி கொடுத்து உபசரிக்கிறார். ஒருவர் ஓவியர், உட்கார்ந்த இடத்திலேயே ஜோவானாவின் முகத்தை வரைகிறார். இன்னொருவர், வட்டார உச்சரிப்பை ஆராய்வதாகச் சொல்லி, ஒரு நீண்ட சொற்பட்டியலைக் கொடுத்துப் பதிவு செய்து தரச் சொல்கிறார். ஜோவானாவும் பொறுமையாக உட்கார்ந்து பேசிப் பதிவு செய்து கொடுக்கிறார். தன் முகத்தையும் குரலையும் தன் கையாலேயே கொலையாளிகளிடம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. இங்கே வன்முறை வலுக்கட்டாயமாக வருவதில்லை. விருந்தோம்பல் என்ற பெயரில், ஒத்துழைப்பு என்ற பெயரில், நல்ல மனைவியாக நடந்துகொள்வது என்ற பெயரில் வருகிறது.

கடைசியில் சங்கத் தலைவரிடம் ஜோவானா, ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று கேட்கிறார். எங்களால் முடியும், அதனால் செய்கிறோம் என்பதுதான் பதில். தத்துவம் இல்லை, கோபம் இல்லை, பழிவாங்கல்கூட இல்லை. முடிகிறது, செய்கிறோம். தடுக்க ஆள் இல்லை. ஆதிக்கம் தன்னைப் பற்றிச் சொல்லும் மிக நேர்மையான வாக்குமூலம் இது.

இதே லெவின் அதற்கு முன்பு 1967-இல் எழுதிய 'ரோஸ்மேரிஸ் பேபி' நாவலிலும் இப்படித்தான். அது புறநகர் அல்ல, நியூயார்க் அடுக்குமாடி. நடிகனான கணவன் தன் தொழில் முன்னேற்றத்துக்காக மனைவியின் கருப்பையைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு விற்றுவிடுகிறான். ரோஸ்மேரி தப்பித்து ஒரு மருத்துவரிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொல்கிறாள். அந்த மருத்துவர் என்ன செய்கிறார்? கணவனைக் கூப்பிட்டு ஒப்படைக்கிறார். சாத்தானை விடப் பயங்கரமான காட்சி அதுதான். ஒரு பெண் சொல்வதை நம்புவதை விட அவளை 'உரியவரிடம்' சேர்ப்பதுதான் கடமை என்று நினைக்கும் சமூகம். 1968-இல் அதைப் படமாக எடுத்தவர் ரோமன் போலன்ஸ்கி. பத்து ஆண்டுகள் கழித்து, சிறுமியிடம் பாலியல் குற்றம் செய்ததை ஒப்புக்கொண்டு, தண்டனைக்கு முன்பே அமெரிக்காவை விட்டு ஓடியவரும் அவரேதான். பெண்ணின் பயத்தைத் திரையில் காட்டத் தெரிந்தால் மட்டும் ஓர் ஆண் மாறிவிடுவதில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

இவை வெறும் கற்பனையா? இந்தப் படங்கள் வந்த காலத்துச் சட்டத்தைப் பாருங்கள். 1974-இல்தான் அமெரிக்காவில் பாலினத்தையோ திருமண நிலையையோ காரணம் காட்டிக் கடன் மறுக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. அதுவரை, திருமணமான பெண்ணுக்குக் கடன் என்றால் கணவனின் கையெழுத்தைக் கேட்பது சாதாரணம். மனைவியைக் கணவன் வல்லுறவு செய்தால் குற்றமில்லை என்ற விலக்கை முதன்முதலாக நீக்கிய மாநிலம் நெப்ராஸ்கா. அது 1976-இல், அதாவது இந்தப் படம் வந்து ஓராண்டு கழித்து. 50 மாநிலங்களிலும் மனைவியை வல்லுறவு செய்வது குற்றம் என்றாவதற்கு 1993 ஆனது. நம் நாட்டில்? பழைய தண்டனைச் சட்டத்தைத் தூக்கிவிட்டுப் புதிதாகக் கொண்டுவந்த பாரதிய நியாய சம்ஹிதையிலும் 63-ஆவது பிரிவில் அந்த விலக்கு அப்படியே இருக்கிறது. 18 வயதுக்கு மேற்பட்ட மனைவி என்றால் அது வல்லுறவு ஆகாதாம். சம்மதம் கேட்கத் தேவையில்லாத உடம்பு என்று சட்டம் சொல்கிறது என்றால், எந்திரப் பொம்மை செய்ய எதற்குத் தொழிற்சாலை?

அந்த ஊர் எப்படி வந்தது?

இனி அந்த ஊரைப் பார்ப்போம். அமெரிக்கப் புறநகர் என்பது தானாக முளைத்தது அல்ல. இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய படைவீரர்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு வீட்டுக்கடன் கிடைத்தது. லெவிட் என்ற கட்டுமான நிறுவனம் 1947-இல் நியூயார்க்குக்கு அருகே லாங் ஐலண்டில் தொடங்கி 17,000-க்கும் மேற்பட்ட வீடுகளை ஒரே அச்சில் வார்த்தது போலக் கட்டியது. லெவிட்டவுன் என்று பெயர். வீட்டோடு சலவை எந்திரம் உண்டு. வேலி போடக் கூடாது, புல்லை ஒழுங்காக வெட்ட வேண்டும் என்று விதிகள் உண்டு.

இன்னொரு விதியும் இருந்தது. வெள்ளை இனத்தவர் அல்லாத எவரையும் இந்த வீட்டில் குடியிருக்க விடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். அதே விதியில் ஒரு விலக்கும் கொடுத்திருந்தார்கள்: வீட்டு வேலைக்காரர்களாக வைத்துக்கொள்ளலாம். தோழர்களே, இதை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். குடியிருக்க வரக் கூடாது; பாத்திரம் தேய்க்க வரலாம். நம் ஊர்களில் இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. சுவர் என்றால் எல்லாரையும் தடுப்பது என்று நாம் நினைக்கிறோம். அப்படி ஒரு சுவர் உலகத்தில் எங்கும் கிடையாது. எல்லாச் சுவரிலும் உழைப்பு நுழைய ஒரு பின்வாசல் இருக்கும். மனிதர் நுழையத்தான் வாசல் இருக்காது.

இது ஒரு நிறுவனத்தின் தனிப்பட்ட வெறுப்பும் அல்ல. வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் கொடுத்த மத்திய அரசு அமைப்பே கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளை ஆபத்தானவை என்று ஒதுக்கிவைத்தது. தனித்துப் பிரித்த குடியிருப்புகளை ஊக்குவித்தது. இப்படிப்பட்ட இன ஒப்பந்தங்களை நீதிமன்றம் அமல்படுத்த முடியாது என்று 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் நடைமுறை தொடர்ந்தது. 1957 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் கட்டப்பட்ட இன்னொரு லெவிட்டவுனுக்கு வில்லியம் மையர்ஸ், டெய்சி மையர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதி குழந்தைகளோடு குடிவந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் வீட்டைச் சூழ்ந்து நின்று கத்தினார்கள். கல்லெறிந்து ஜன்னலை உடைத்தார்கள். அந்த வட்டாரத்தில் சிலுவைகள் எரிக்கப்பட்டன. மையர்ஸ் குடும்பம் அசையவில்லை. அதே புல்வெளி, அதே வெயில், அதே அழகான வீடுகள். திகில் படம் எடுக்கத் தனியாக ஒரு ஸ்டெப்ஃபோர்டைக் கற்பனை செய்யத் தேவையே இல்லை.

அந்த ஆண்டே அங்கு ஓர் ஆவணப்படம் எடுத்தார்கள். அதில் வெள்ளையினக் குடும்பப் பெண்கள் பேசுகிறார்கள். வீட்டு மதிப்பு குறைந்துவிடும் என்கிறார்கள். கொஞ்சம் பேச விட்டால் உண்மையான பயம் வெளியே வருகிறது. சேர்ந்து வாழ்ந்தால் பழக்கம் வரும், பழக்கம் வந்தால் கடைசியில் கலப்புத் திருமணத்தில் போய் முடியும் என்கிறார்கள்.

இங்கேதான் முடிச்சு இருக்கிறது. ஊரைச் சுற்றிப் போட்ட சுவருக்கும் வீட்டுக்குள் மனைவியைச் சுற்றிப் போட்ட சுவருக்கும் உள்ள உறவை அண்ணல் அம்பேத்கர் 1916-இலேயே சொல்லிவிட்டார். எங்கே சொன்னார்? ஜோவானா குடும்பம் வாழ்ந்த அதே நியூயார்க் நகரத்தில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 25 வயது மாணவராக இருந்தபோது படித்த கட்டுரையில். சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்றார். ஒரு குழு தனக்குள்ளேயே மணம் முடித்துத் தன்னை மூடிக்கொள்ள வேண்டுமானால், பெண்ணின் உடலையும் விருப்பத்தையும் கட்டுப்படுத்தியே தீர வேண்டும் என்றார். உடன்கட்டை, கட்டாயக் கைம்மை, குழந்தை மணம் ஆகிய மூன்றையும் அந்த மூடுதலுக்கான கருவிகளாகவே அவர் விளக்கினார். அவர் பேசியது இந்தியச் சாதியைப் பற்றி. அமெரிக்க இனவெறி வேறு வரலாறு கொண்டது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. ஆனால் மூடிய குழுவுக்கு அடங்கிய மனைவி தேவை என்ற அந்தத் தர்க்கம் லெவிட்டவுனுக்கும் பொருந்துகிறது. வெள்ளையர் அல்லாதவரை மணப்பது குற்றம் என்ற சட்டம் 1967-இல்கூட 16 மாநிலங்களில் இருந்தது. அந்த ஆண்டுதான் லவிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. வீட்டை விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் இனப் பாகுபாடு கூடாது என்று சட்டம் வந்தது அடுத்த ஆண்டு, 1968-இல். திருமணச் சுவரும் தெருச் சுவரும் சட்டத்தில் ஓராண்டு இடைவெளியில் அடிவாங்கின. தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

ஓரமாக நிற்கும் பெண்

இப்போது ஸ்டெப்ஃபோர்டுக்குத் திரும்புவோம். நாவலின் இறுதிப் பகுதியில் ரூத்தான் என்ற கறுப்பினப் பெண் வருகிறார். குழந்தைகளுக்கான நூல்கள் உருவாக்குகிறவர். ஊருக்குப் புதிதாக வந்திருக்கிறார். சூப்பர் மார்க்கெட்டில் ஜோவானாவைப் பார்க்கிறார். முன்பு துடிப்பாக இருந்த பெண் இப்போது வீட்டு வேலையே போதும் என்கிறார். ரூத்தானுக்குப் புரியவில்லை. வாசகருக்குப் புரிகிறது: அடுத்தது இவர்தான். படத்திலும் கடைசியில் ஒரு கறுப்பினத் தம்பதி அந்தக் கடையில் வாக்குவாதம் செய்துகொண்டு நிற்பதைக் காட்டுகிறார்கள்.

இந்த முடிவை நாம் இரண்டு விதமாகப் படிக்கலாம். ஆணாதிக்கம் இனம் கடந்தது, கறுப்பினக் கணவனும் சங்கத்தில் சேர்ந்துவிடுவான் என்று படிக்கலாம். அதில் உண்மை உண்டு. ஒடுக்கப்பட்ட ஆணுக்கும் வீட்டுக்குள் ஓர் அரியாசனம் கிடைக்கிறது என்றால் அவன் மயங்கக் கூடும். ஆனால் இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது. 1957-இல் கல்லெறிந்த ஊர் 1972-இல் எந்தக் கேள்வியும் இல்லாமல் கதவைத் திறந்துவிடுமா? லெவினின் நாவலில் அந்தக் கதவு கொஞ்சம் எளிதாகவே திறந்துவிடுகிறது. கறுப்பினப் பெண்ணுக்குக் கதையில் கிடைத்த வேலை, அடுத்த பலி என்று அறிவிப்பது மட்டும்தான்.

இதே குறையைத்தான் அன்றைய வெள்ளையினப் பெண்ணிய எழுத்தின் மீதும் வைத்தார்கள். பெட்டி ஃப்ரீடன் 1963-இல் வெளியிட்ட 'தி ஃபெமினைன் மிஸ்டிக்', புறநகர் இல்லத்தரசிகளின் பெயர் வைக்கப்படாத துயரத்தை வெளியே கொண்டுவந்தது. பெரிய வேலைதான். ஆனால் பெல் ஹூக்ஸ் 1984-இல் ஒரு நேரடிக் கேள்வி கேட்டார். இந்தப் பெண்கள் எல்லாரும் வீட்டை விட்டு வெளியே வேலைக்குப் போனால், அந்த வீட்டு வேலையைச் செய்யப் போவது யார்? லெவிட் ஒப்பந்தத்தின் விலக்கைக் கொஞ்சம் முன்பு சொன்னேனே, அதுதான் பதில். ஜோவானா புகைப்படம் எடுக்கப் போனால் பின்வாசல் வழியாக வேறொரு பெண் வருவாள். அவளுடைய கனவு என்ன என்று எந்தப் படமும் கேட்கவில்லை.

40 ஆண்டுகள் கழித்து அதைக் கேட்ட படம் 2017-இல் வந்த ஜோர்டன் பீலின் 'கெட் அவுட்'. தனக்கு ஊக்கம் தந்தவை 'ஸ்டெப்ஃபோர்ட் வைவ்ஸ்', 'ரோஸ்மேரிஸ் பேபி' ஆகிய படங்கள் என்று பீலே சொல்லியிருக்கிறார். படம் எப்படித் தொடங்குகிறது? இரவில் அமைதியான வெள்ளையினப் புறநகர்த் தெருவில் ஒரு கறுப்பின இளைஞன் வழிதெரியாமல் நடக்கிறான். அவனைக் கடத்திவிடுகிறார்கள். வெள்ளையருக்குப் பாதுகாப்பாகத் தோன்றும் தெரு அவனுக்குக் கொலைக்களம். 2012-இல் புளோரிடாவில் வேலியிட்ட குடியிருப்பு ஒன்றில் 17 வயது டிரேவான் மார்ட்டின் சுட்டுக் கொல்லப்பட்டதை அந்தக் காட்சியைப் பார்க்கும் அமெரிக்கர் மறக்க முடியாது.

ஜோவானாவைப் போலவே இந்தப் படத்தின் நாயகன் கிறிஸும் புகைப்படக்காரன். பார்க்கும் கண் யாரிடம் இருக்கிறது என்பதுதான் இரண்டு படங்களிலும் சண்டை. கிறிஸின் காதலி ரோஸ் வெள்ளையினப் பெண். அவளுடைய அப்பா, ஒபாமா மூன்றாம் முறை நின்றாலும் வாக்களித்திருப்பேன் என்று சொல்லும் மனிதர். வால்டருடைய அடுத்த தலைமுறை! அந்த வீட்டில் ஒரு கறுப்பின வேலைக்காரப் பெண், ஜார்ஜினா. சிரித்துக்கொண்டே இருக்கிறார். ஒரு காட்சியில் வாய் 'ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை' என்கிறது. கண்ணில் இருந்து நீர் வழிகிறது. அந்த உடம்புக்குள் வீட்டுக்காரக் கிழவியின் மூளை. உடம்பின் சொந்தக்காரி எங்கோ ஆழத்தில் மூழ்கிக் கிடக்கிறாள். ஸ்டெப்ஃபோர்டில் பின்வாசலில் நின்ற பெண், இங்கே நடுக்கூடத்துக்கு வந்துவிட்டார். கறுப்பினத்தவரின் உடம்பு வேண்டும், வலிமை வேண்டும், திறமை வேண்டும். உறவு மட்டும் வேண்டாம். அந்த ஒப்பந்தத்தின் ஒரே விதியைப் பீல் முழுப் படமாக எடுத்துவிட்டார். அந்தத் திரைக்கதைக்கு அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. அசல் திரைக்கதைப் பிரிவில் அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்.

ஆனால் பாடம் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததா என்றால், இல்லை. 2022-இல் ஒலிவியா வைல்ட் இயக்கிய 'டோன்ட் வொர்ரி டார்லிங்' வந்தது. வேலையிழந்த கணவன், அறுவை மருத்துவராக உழைக்கும் மனைவியை மயக்கிக் கட்டிலில் கிடத்தி, 1950-களைப் போன்ற ஒரு கணினிக் கனவுலகில் இல்லத்தரசியாக அடைத்து வைக்கிறான். மனைவி சம்பாதித்ததைத் தாங்க முடியாத ஆணின் கதை. நல்ல கருதான். அந்த ஊரில் பொய்யை முதலில் கண்டுபிடிப்பது மார்கரெட் என்ற கறுப்பினப் பெண். அவரைப் பைத்தியம் என்று ஒதுக்குகிறார்கள், சீக்கிரமே கதையிலிருந்து அகற்றிவிடுகிறார்கள். அந்த வேடத்தில் நடித்த கீகீ லெய்ன், தன் காட்சிகளில் பெரும்பகுதி வெட்டப்பட்டுவிட்டதாகப் படம் வெளியான பின் வெளிப்படையாகச் சொன்னார். உண்மையை முதலில் சொன்ன பெண்ணைக் கதைக்குள்ளும் வெட்டினார்கள், படத்தொகுப்பு மேசையிலும் வெட்டினார்கள்.

முதல் கொலை

இப்போது நான் தொடக்கத்தில் சொன்ன மூன்றாவது விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டெப்ஃபோர்டில் ஒரு காலத்தில் பெண்கள் சங்கம் இருந்தது. ஜோவானாவும் பாபியும் தேடும்போது பழைய பத்திரிகைச் செய்தியிலிருந்து இது தெரியவருகிறது. நாவலில் ஃப்ரீடனே அந்தச் சங்கத்துக்கு வந்து பேசியதாக லெவின் எழுதியிருக்கிறார். ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் கூடியிருக்கிறார்கள். அதன் தலைவியாக இருந்தவர் இன்று தரை துடைத்துக்கொண்டிருக்கிறார். தான் ஏன் விலகினேன் என்று கேட்டால் வீட்டு வேலைக்கு நேரம் போதவில்லை என்கிறார்.

ஆண்கள் சங்கம் செழிக்கிறது. பெண்கள் சங்கம் கலைந்துவிட்டது. முதல் கொலை அதுதான். அது கலைந்த பிறகு ஒவ்வொரு பெண்ணாகக் கொல்வது எளிதாகிவிட்டது. ஏனென்றால் அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியும் தனி ஆள். தனி ஆளின் சந்தேகத்துக்கு மனப்பிரமை என்று பெயர்.

ஜோவானா மறுபடி பெண்களைக் கூட்டிப் பார்க்கிறார். மனம் விட்டுப் பேசலாம் என்கிறார். சார்மேன் என்ற பெண் மட்டும், என் கணவர் என்னை ஒருபோதும் நேசித்ததில்லை என்று உடைந்து சொல்கிறார். அடுத்த நிமிடம் பேச்சு துணிக்குப் போடும் கஞ்சியின் மகிமைக்குத் திரும்பிவிடுகிறது. சில நாள்தான். சார்மேன் ஆசையாக விளையாடிய டென்னிஸ் திடலைக் கணவர் தோண்டிப்போட்டு நீச்சல் குளம் கட்டுகிறார்; சார்மேன் சிரித்துக்கொண்டு நிற்கிறார். உண்மை பேசியவரைத்தான் முதலில் தூக்குகிறார்கள். அப்புறம் பாபி. அப்புறம் ஜோவானா.

1975-இல் இந்தப் படம் வந்தபோது ஃப்ரீடனுக்குப் பிடிக்கவில்லை. பெண்கள் இயக்கத்தை வைத்துக் காசு பார்க்கும் முயற்சி என்று கோபப்பட்டார். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இயக்கம் தெருவில் போராடிக்கொண்டிருந்த காலத்தில், படத்தில் ஒரு பெண்ணும் தப்பவில்லையே! ஆனாலும் நான் இந்தப் படத்தை அவரை விட ஒரு படி அதிகமாக மதிக்கிறேன். தனியாக ஓடும் பெண் தப்ப மாட்டாள் என்று அது பொய்யில்லாமல் காட்டுகிறது. 2004-இல் இதே கதையை நகைச்சுவையாக மறுபடி எடுத்தார்கள். அதில் குற்றம் முழுவதும் ஒரு பெண்ணின் தலையில் போய் விழுகிறது. சில்லுகளை அணைத்ததும் மனைவிமார் எல்லாரும் பழையபடி ஆகிவிடுகிறார்கள். ஆண்கள் சங்கம் குற்றத்திலிருந்து நழுவிவிட்டது. எந்தப் படம் நம்மை ஏமாற்றுகிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

இங்கே உட்கார்ந்திருக்கும் ஆண் தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாம் யாரும் எந்திரம் செய்யப் போவதில்லை. ஆனால் நமக்கும் ஒரு சங்கம் இருக்கிறது. அது வாட்ஸ்அப் குழுவாக இருக்கலாம், கல்லூரி நண்பர் வட்டமாக இருக்கலாம், பெண் பார்க்கும்போது சாதி கேட்கும் சொந்தபந்தமாக இருக்கலாம். அதற்குள் நடப்பதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் இரவில் நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. உள்ளே இருந்து மாற்றுகிறேன் என்கிறவர், இதுவரை உள்ளே எதை மாற்றினார் என்று கணக்குக் காட்ட வேண்டும். காட்ட முடியவில்லை என்றால் அவர் வால்டர். சங்கத்தை விட்டு வெளியே வருவதும், அங்கே பேசப்படுவதை வெளியே சொல்வதும்தான் ஒரே நேர்மையான வழி.

பெண் தோழர்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஒரு கோரிக்கை மட்டும். திருமணத்துக்குப் பிறகு நட்பு வட்டம் சுருங்குவதைச் சாதாரணம் என்று விட்டுவிடாதீர்கள். கூட்டத்துக்கு வராமல் போன தோழியை, நேரமில்லை என்று அவள் சொன்னாலும், ஒருமுறைக்கு இருமுறை போய்ப் பாருங்கள். வீட்டு வேலை செய்ய வரும் அக்காவையும் அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர் இல்லாத பெண்கள் சங்கம் பாதிச் சங்கம்தான். ஜோவானா ஒரு பெண் மருத்துவரிடம் போய்ச் சொன்னபோது அந்த மருத்துவர் நம்பினார், ஊரை விட்டுப் போய்விடுங்கள் என்றார். நம்பியது நல்லது. ஆனால் கூடவே போக ஆள் இல்லை. ஜோவானா தனியாக வீட்டுக்குத் திரும்பினார்.

நம் தோழிகள் யாரும் அப்படித் தனியாகத் திரும்பக் கூடாது. கூடப் போக நாலு பேர் இருக்க வேண்டும். அந்த நாலு பேராக நாம் இருப்போம்.